யாருடைய வெப்பநிலை?

எங்கள் நடைப்பயிற்சி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி சுற்றியது. "பிரான்சில் செயற்கைச் சூரியன் 22 நிமிடம் எரிந்தது. இனி உலகத்துக்கே இலவச மின்சாரம்" என்று. 2025 பிப்ரவரியில் வந்த பழைய செய்திதான். யாரோ தூசு தட்டி மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். குழுவில் பாதிப் பேர் கைதட்டும் படம் போட்டார்கள். மீதிப் பேர், "இதைத்தானே நாம் கல்லூரியில் படிக்கும்போதிருந்து சொல்கிறார்கள்" என்று சிரித்தார்கள்.

நான் இரண்டிலும் சேரவில்லை. காரணம், அதே வாரம் மூன்றாவது தெரு நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து கேட்ட கேள்வி. அவருடைய மகள் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருக்கிறாள். வெளிமாநிலத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. தலைப்பு, வலுவான காந்தப்புலத்தில் பிளாஸ்மாத் துகள்களின் இயக்கம். "சார், அஞ்சாறு வருஷம் போயிடும். முப்பது வருஷத்துல வந்துரும், முப்பது வருஷத்துல வந்துரும்னு எப்பவும் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்களாம். நீங்க கரண்ட்டு ஆபீஸ்ல இருந்தவர். இது நடக்கிற காரியமா? பொண்ணை அனுப்பலாமா?" என்று கேட்டார்.

நான் மின்வாரியத்தில் உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன். விஞ்ஞானி இல்லை. ஆனால் பிளாஸ்மா எனக்குப் புதிதும் இல்லை. சப்ஸ்டேஷனில் பழைய காற்று வகை சர்க்யூட் பிரேக்கர் திறக்கும்போது இரண்டு முனைகளுக்கு நடுவே பளிச்சென்று பாயுமே ஆர்க், அது பிளாஸ்மாதான். அதை அணைக்க ஒரு காயில் வைத்து, அதன் காந்தப்புலத்தால் ஆர்க்கை மேலே தள்ளி, நீட்டி, துண்டாக்கி, குளிரவைப்பார்கள். காந்தத்தால் நெருப்பைத் தள்ளுகிற வேலையை நாங்கள் பல வருடம் பார்த்திருக்கிறோம். அந்தத் தைரியத்தில் ஒரு வாரம் புத்தகங்களைப் புரட்டிவிட்டுத்தான் அவருக்குப் பதில் சொன்னேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக் கூரையிலிருந்து ஆரம்பிப்போம். இப்போது எல்லோரும் எல்.இ.டி.க்கு மாறிவிட்டோம். ஆனால் நாற்பது வருடம் நமக்கு வெளிச்சம் கொடுத்தது டியூப் லைட். எரிகிற டியூப் லைட்டைக் கையால் தொட்டிருப்பீர்கள். வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஓடுகிற எலெக்ட்ரான்களின் வெப்பநிலை சுமார் 10,000 டிகிரி. சூரியனின் மேற்பரப்பைவிட அதிகம். அதே குழாயில் உள்ள வாயு அணுக்களோ நம் கை தாங்கும் சூட்டில் இருக்கின்றன. ஒரே குழாய், ஒரே இடம், இரண்டு வெப்பநிலை. எலெக்ட்ரான் மிக லேசானது. கனமான அணுவோடு மோதினாலும் தன் ஆற்றலைச் சுலபத்தில் பங்கு போட்டுக்கொள்ளாது.

ஆகவே "அந்தப் பிளாஸ்மா இத்தனை கோடி டிகிரி" என்று யாராவது சொன்னால், "யாருடைய வெப்பநிலை?" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் அந்தப் பெண் படிக்கப்போகிற பாடத்தின் வாசலுக்கு வந்துவிடலாம்.

வெப்பநிலை என்பது ஒரு சராசரி. சராசரியின் குணம் நமக்குத் தெரியும். ஒரு தெருவில் இருபது வீடு. பத்தொன்பது வீட்டில் மாத வருமானம் 20,000 ரூபாய். இருபதாவது வீட்டில் 20 லட்சம். தெருவின் சராசரி வருமானம் 1,19,000 ரூபாய்! அந்தத் தெருவில் அந்தத் தொகையை வாங்குபவர் ஒருவர்கூட இல்லை. தெருவைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், எவ்வளவு வருமானத்தில் எத்தனை வீடு என்று பட்டியல் போட வேண்டும். வாயுவுக்கு அப்படிப் பட்டியல் போட்டவர் மேக்ஸ்வெல், 1860 வாக்கில். அந்தப் பட்டியல் காலப்போக்கில் எப்படி மாறும் என்பதற்கு 1872-இல் சமன்பாடு எழுதியவர் போல்ட்ஸ்மான். பள்ளியில் "வாயுக்களின் இயக்கவியற் கொள்கை" என்று படித்தோமே, அதுதான்.

நாம் மூச்சு விடும் காற்றுக்குப் பட்டியல் அவ்வளவாகத் தேவைப்படாது. மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொண்டு, ஒன்றையொன்று சமப்படுத்திவிடுகின்றன. சராசரியே போதும். காந்தத்தால் அடைத்துவைத்த இணைவு உலையின் பிளாஸ்மா அப்படி இல்லை. அதன் அடர்த்தி நம் காற்றில் சுமார் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. வேகமோ அபாரம். ஒரு துகள் தன் திசை மாறுகிற அளவுக்கு மோதல்களைச் சந்திப்பதற்குள் பல கிலோமீட்டர் ஓடிவிடும். உலையின் குறுக்களவு சில மீட்டர்தான். சமப்படுத்திக்கொள்ள நேரமே இல்லாத ஒரு கூட்டம் அது. அங்கே சராசரியை நம்பினால் ஏமாறுவோம்.

ஏமாந்தும் இருக்கிறார்கள். 1958 ஜனவரியில் பிரிட்டனின் ஹார்வெல் ஆய்வகம், ஜீட்டா என்ற தன் கருவியில் அணுக்கரு இணைவு நடந்திருக்கிறது என்று உலகத்துக்கு அறிவித்தது. நியூட்ரான்கள் வெளிவந்தன, அதுதான் சாட்சி. பத்திரிகைகள் கொண்டாடின. நான்கு மாதம் கழித்து, மே மாதத்தில், அந்த அறிவிப்பை அவர்களே திரும்பப் பெற்றார்கள். நியூட்ரான்கள் வந்தது உண்மை. ஆனால் வாயு முழுவதும் சூடாகி அவை வரவில்லை. உள்ளே ஏற்பட்ட கொந்தளிப்பில் சில அயனிகள் மட்டும் அதிக வேகம் பெற்று மோதியதால் வந்தவை. இருபதாவது வீட்டின் பணத்தைப் பார்த்துவிட்டுத் தெருவே பணக்காரத் தெரு என்று சொன்ன கதை. ஆனாலும் தவற்றைக் கண்டுபிடித்து ஒப்புக்கொண்டவர்களும் அதே ஆட்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

இப்போது காந்தத்துக்கு வருவோம். மின்னூட்டம் கொண்ட துகள் காந்தப்புலத்தில் நேராக ஓடாது. காந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றி, ஸ்பிரிங் கம்பிபோல வளைந்து வளைந்து முன்னேறும். 5 டெஸ்லா புலத்தில், 10 கோடி டிகிரிக்கு மேலான சூட்டில், ஒரு டியூட்டீரியம் அயனி நொடிக்கு ஏறத்தாழ 4 கோடி முறை சுற்றும். சுற்றின் ஆரம் சில மில்லிமீட்டர். எலெக்ட்ரான் எதிர்த்திசையில் நொடிக்கு 14,000 கோடி முறை சுற்றும். அதன் ஆரம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கோட்டின் நீளவாக்கில் துகளுக்குத் தடை இல்லை. குறுக்கே போவதுதான் கஷ்டம். எந்தப் பாத்திரமும் தாங்காத சூட்டை, காந்தக் கோடுகளையே பாத்திரமாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இதிலிருந்துதான் பிறந்தது.

இதனால் இன்னொரு விநோதமும் உண்டு. ஒரே அயனிக் கூட்டத்துக்குக் கோட்டின் நெடுக ஒரு வெப்பநிலையும் குறுக்கே வேறொரு வெப்பநிலையும் இருக்கலாம். நெடுக அழுத்தம் மிஞ்சிப் போனால் என்ன ஆகும்? தோட்டத்து ரப்பர் குழாயைத் தரையில் போட்டுவிட்டுக் குழாயை முழுக்கத் திறந்து பாருங்கள். பாம்பு மாதிரி நெளியும். காந்தக் கோடும் அப்படித்தான் நெளியும். 1950களின் கடைசியில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். விண்மீன்களுக்காக 1983-இல் நோபல் பரிசு பெற்றவர் என்றுதான் நமக்குத் தெரியும். சிகாகோவில் அவர் பிளாஸ்மா இயற்பியல் பாடமும் நடத்தினார். அந்த வகுப்புக் குறிப்புகளை ட்ரேஹன் என்ற மாணவர் தொகுக்க, 1960-இல் புத்தகமாக வந்தது. ஆக, நண்பரின் மகள் போகிற பாதை நம்மவர்கள் நடக்காத பாதை இல்லை.

சரி, ஏன் இத்தனை தாமதம்? 1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் அணுசக்தியை அமைதிக்குப் பயன்படுத்துவது பற்றி முதல் உலக மாநாடு நடந்தது. தலைமை வகித்த நம் ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுக்குள் இணைவு ஆற்றலைக் கட்டுப்பாட்டோடு வெளிப்படுத்தும் வழி கிடைத்துவிடும் என்று ஆரூடம் சொன்னார். எழுபது ஆண்டு ஆகிவிட்டது. பாபாவின் அறிவைக் குறைத்துப் பேச யாராலும் முடியாது. அன்றைக்குத் தெரிந்த பிளாஸ்மா அவ்வளவுதான். காகிதத்தில் அது ஒழுங்காகக் காந்தக் கூட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. நிஜத்தில் கணக்கைவிடப் பல மடங்கு வேகமாகக் கசிந்து ஓடியது. கசிவுக்குக் காரணம் மில்லிமீட்டர் அளவில் எழும் சின்னச் சின்னச் சுழல்கள். அவற்றைக் கணக்கில் கொண்டுவர, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வேகத்திலும் எத்தனை துகள் என்ற அந்தப் பெரிய பட்டியல் வேண்டும். இடத்துக்கு மூன்று எண், வேகத்துக்கு மூன்று எண், ஆக ஆறு. காந்தப்புலம் வலுவாக இருந்தால் துகளின் வேகமான சுற்றலைச் சராசரியாக்கி, ஆறை ஐந்தாகக் குறைக்கலாம். அதற்கான முழுமையான சமன்பாடுகள் 1980களில்தான் கைக்கு வந்தன. அந்த ஐந்துக்கும்கூட இன்று உலகின் மிகப் பெரிய கணினிகள் மூச்சு வாங்குகின்றன. முதலில் சொன்ன சராசரி இங்கே எப்படி வருகிறது என்று கேட்கலாம். எதைச் சராசரியாக்கினால் பாதகமில்லை, எதை ஆக்கினால் ஏமாறுவோம் என்று பிரித்து அறிவதுதான் இந்தத் துறையின் வேலையே.

நடுவில் ஒரு நல்ல சம்பவமும் நடந்தது. 1968-இல் நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில், தங்கள் டோகமாக் கருவி டி-3 ஒரு கோடி டிகிரி அளவுக்கு எலெக்ட்ரான்களைச் சூடாக்கிவிட்டது என்று சோவியத் விஞ்ஞானிகள் சொன்னார்கள். மேற்கு நாடுகள் நம்பவில்லை. ஜீட்டாவில் ஏற்கெனவே சூடு பட்டவர்கள் ஆயிற்றே. சோவியத்காரர்கள், "நீங்களே வந்து அளந்து பாருங்கள்" என்றார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வகத்துக் குழு லேசர் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு மாஸ்கோ போய் அளந்தது. லேசர் ஒளி எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறும்போது நிறம் எவ்வளவு அகலமாகப் பரவுகிறது என்று பார்த்தால், எந்த வேகத்தில் எத்தனை எலெக்ட்ரான் என்ற பட்டியலே கிடைத்துவிடும். 1969-இல் சோவியத் சொன்னது சரி என்று அவர்களே எழுதினார்கள். அதன் பிறகுதான் உலகம் முழுக்க டோகமாக் கட்ட ஆரம்பித்தார்கள். நம் காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதித்யா 1989-இல் இயங்கத் தொடங்கியது.

இனி என் கருத்து. இணைவைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது நாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். செய்தி போடுகிறவர்களும் அந்த மூன்றுக்கும் விடை போட வேண்டும். மொத்தம் எவ்வளவு மின்சாரம் உள்ளே போனது? எவ்வளவு ஆற்றல் வெளியே வந்தது? எவ்வளவு நேரம்? மின்வாரியக்காரனுக்குப் புரிகிற யூனிட் கணக்கில் சொன்னால் இன்னும் நல்லது.

பிரான்சின் வெஸ்ட் கருவி 1,337 நொடி பிளாஸ்மாவைப் பிடித்து வைத்தது. மகத்தான சாதனை. ஆனால் அது இணைவு ஆற்றல் உண்டாக்கும் சோதனையே இல்லை. வந்த மின்சாரம் பூஜ்யம். பிரிட்டனின் ஜெட் கருவி 2023-இல் தன் கடைசிச் சோதனைகளில் 69 மெகாஜூல் இணைவு ஆற்றல் கொடுத்தது. ஐந்து நொடியில், 0.2 மில்லிகிராம் எரிபொருளில். இது உலக சாதனை. யூனிட்டாக மாற்றினால் 19. நமக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக வருகிற 100 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, அதுவும் வெப்பமாக. அமெரிக்காவின் லேசர் முறைச் சோதனையில் 2022 டிசம்பரில் 2.05 மெகாஜூல் ஒளி உள்ளே போய் 3.15 மெகாஜூல் வெளியே வந்தது. "போட்டதைவிட அதிகம் கிடைத்தது" என்று தலைப்புச் செய்தி. அந்த லேசரை ஓட்ட எடுத்த மின்சாரம் சுமார் 300 மெகாஜூல். அதைத் தலைப்பில் எத்தனை பேர் போட்டார்கள்?

இப்படிச் சொல்வதால் நானும் சிரிக்கிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 0.2 மில்லிகிராமில் 19 யூனிட் என்பதை இன்னொரு முறை படியுங்கள். நான் வேலை பார்த்த நாட்களில் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி ரயில் ரயிலாகப் போவதைப் பார்த்தவன். பிரான்சில் இந்தியா உட்பட ஏழு தரப்பு சேர்ந்து கட்டுகிற ஈட்டர் உலை, 50 மெகாவாட் சூட்டை உள்ளே கொடுத்து 500 மெகாவாட் எடுப்பதை இலக்காக வைத்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள 30 மீட்டர் உயர, 3,850 டன் எடையுள்ள கிரையோஸ்டாட் நம் நாட்டில் தயாராகித் துண்டு துண்டாகக் கப்பலில் போனது. அங்கேயும் மின்சாரம் தயாரிக்கப் போவதில்லை. 2024-இல் அறிவித்த திட்டப்படி, முழு எரிபொருளோடு ஓடுவது 2039-இல்தான்.

"அதுவரை அந்தப் பணத்தைச் சோலார் பேனலுக்குப் போடலாமே" என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைய மின்தேவைக்கு சூரிய ஒளியும் காற்றும் சேமிப்பு பேட்டரியும்தான் வழி. இணைவு வரும் என்று காத்திருந்து அவற்றைத் தள்ளிப்போட்டால் அது முட்டாள்தனம். ஆனால் ஆராய்ச்சியையும் உற்பத்தியையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. தென்னை வைக்கிறவன் கீரையும் போடுவான். கீரை இந்த மாதச் சாப்பாட்டுக்கு. தென்னையின் கணக்கு வேறு.

அதோடு, இந்தப் படிப்பு இணைவு உலைக்கு மட்டும் உரியதும் இல்லை. 1989 மார்ச் 13 அன்று சூரியனிலிருந்து வந்த பிளாஸ்மாப் புயலில் பூமியின் காந்தப்புலம் கலங்கி, கனடாவின் கியூபெக் மாகாண மின்கட்டமைப்பு ஒன்றரை நிமிடத்தில் சரிந்தது. சுமார் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. ஒரு ஃபீடர் டிரிப் ஆனாலே எங்களுக்குத் தூக்கம் போகும். ஒரு மாகாணமே போவதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிளாஸ்மாவை வழியிலேயே அளக்கத்தான் நம் ஆதித்யா எல்-1 இப்போது 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று வேலை பார்க்கிறது. எந்த வேகத்தில், எந்தத் திசையில், எத்தனை அயனி என்ற அதே பட்டியலைத்தான் அதன் கருவிகள் எடுக்கின்றன. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். இதை நண்பரிடம் சொன்னபோதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அவரிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். "பொண்ணை அனுப்புங்க சார். ஆனா 'என் பொண்ணு செயற்கைச் சூரியன் செய்யப் போறா'ன்னு ஊர்ல சொல்லி அனுப்பாதீங்க. அந்தப் பாரத்தை அவ தலையில ஏத்த வேண்டாம். ஒரு எண்ணைக் காட்டினா உள்ளே என்ன இருக்குன்னு கேட்கிற படிப்பு இது. அந்தப் பழக்கம் வந்துட்டா எங்க போனாலும் பிழைச்சுக்குவா."

மறுநாள் அந்தப் பெண்ணே வந்தாள். "தாத்தா, நீங்க டியூப் லைட் உதாரணம் சொன்னீங்களாமே, அது சரிதான்" என்று சொல்லிவிட்டு, எலெக்ட்ரான் ஏன் அணுவோடு ஆற்றலைப் பங்கு போடாது என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். பாதி புரிந்தது. ஜூலையில் கிளம்புகிறாள்.

எனக்கு 74 வயது. 2039-இல் 88 ஆகும். ஈட்டர் ஓடுவதை நான் பார்ப்பேனோ மாட்டேனோ தெரியாது. பார்க்காவிட்டாலும் குறை இல்லை. கேலி செய்தே காலத்தைப் போக்கிவிட்டோம் என்ற பேர் மட்டும் நம் தலைமுறைக்கு வர வேண்டாம். அடுத்த முறை வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தால் கையும் தட்ட வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். "எத்தனை யூனிட் உள்ளே, எத்தனை யூனிட் வெளியே?" என்று ஒரு வரி கேட்டுவிட்டு நடையைத் தொடருங்கள்.